அடைப்பான் ஒன்றே போதுமா?

மகாதமனியின் அடிவாரத்தில், வால்வின் மூன்று இதழ்களுக்குப் பின்னே அமைந்த குழிவுகளுள் (இத்தாலிய உடற்கூற்று நிபுணர் வல்சால்வாவின் பெயரால் வழங்குபவை அவை) ஒன்று பிறவியிலேயே பலவீனமுற்றுப் புடைத்து, ஒரு நாள் வெடித்து, இருதயத்தின் வலப்புற அறைக்குள் இரத்தத்தைப் பாயவிட்டால், தொடை நாளத்தின் வழியே கம்பி செலுத்தி அடைப்பானால் ஓட்டையை மூடினாலே போதும், மார்பைப் பிளப்பது பழைய வழக்கம் என்ற அபிப்பிராயம் இன்று படித்தவரிடையேயும் பரவியிருக்கிறது. 1994 முதல் கையாளப்பட்டு வரும் அம்முறை தகுந்த நோயாளிக்கு நன்மை செய்வது மெய்யே. வால்வும் கசிகிறவருக்கும் அதுவே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கசிவின் காரணத்தை முதலில் நோக்க வேண்டும். ஆசிய மக்களிடையே இவ்வியாதியுடன் அடிக்கடி கீழறைகளுக்கிடையிலான சுவரிலும் ஒரு துவாரம் சேர்ந்தே காணப்படும். அத்துவாரத்தின் வழியே விரையும் இரத்தம், தாங்குதலிழந்த வலப்புற இதழைக் கீழ்நோக்கி இழுப்பதால் வால்வு பொருந்தி மூடாமற் போகிறது. அடைப்பான் இவ்விதழைத் தூக்கி நிறுத்தாது. சில வேளை அதன்மீது உரசிக் கசிவை மிகுவிக்கவும் கூடும். தூண் சரிந்த வீட்டிலே சுவரின் பொத்தலை மட்டும் பூசுகிற காரியம் இது.

சஸ்திர வைத்தியரோ, இருதய-நுரையீரல் இயந்திரத்திடம் சுற்றோட்டத்தை ஒப்படைத்து, மகாதமனியைத் திறக்கிறார். இருதயத்தை அமைதிப்படுத்தும் பொட்டாசியக் கரைசலைத் தமனியின் அடியில் செலுத்தினால், கசியும் வால்வின் வழியே அது கீழறைக்கு வழிந்துவிடுமாதலால், இருதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் வாய்களில் நேரே செலுத்துகிறார்; பின்னர், வெடித்த பையை அறுத்து நீக்கி, இரு துவாரங்களையும் ஒட்டுத்துணியால் மூடி, தொங்கும் இதழின் விளிம்பைச் சுருக்கித் தைத்து மற்ற இரண்டோடும் சமப்படுத்துகிறார். ஒரே அமர்வில் மூன்று குறைகளும் தீர்கின்றன.

"வால்வையே மாற்றி, ஆயுள் முழுதும் இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்ணச் செய்வார்களே" என்று அஞ்சுவோர் உண்டு. மெல்லியதாயும் நெகிழ்வாயும் உள்ள இதழைச் செப்பனிடவே முயல்வார்கள். தடித்துச் சுருங்கியதையும், கிருமி அரித்ததையும் மட்டுமே மாற்ற நேரிடும். செப்பனிட்டதும் சிலருக்குப் பிற்காலத்தில் மீண்டும் கசியக்கூடும். ஆகவே தொடர்ந்து எக்கோ பரிசோதனை அவசியம்.

நீர் பிரியும் மாத்திரையால் மூச்சுத்திணறல் தணிந்தது கண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுவதோ பெரும் பிழை. மாத்திரை வீக்கத்தைக் குறைக்குமேயன்றி ஓட்டத்தை நிறுத்தாது.

1956-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலே சஸ்திர வைத்தியர் லில்லஹை முதலியோர் இயந்திரத் துணையோடு தொடங்கிய இச்சஸ்திர சிகிச்சை, அனுபவமிக்க மருத்துவமனைகளில் இன்று பெரும்பாலோரைக் காப்பாற்றுகிறது. ஆதலால், ஓட்டையை அடைத்துவிடலாம் என்று சொல்லக் கேட்பவர், வால்வு கசிகிறதா, அறைச்சுவரிலும் துவாரமுண்டா என்ற இரு வினாக்களையும் எழுப்பி, ஆமென்று விடை வந்தால் தாமதியாமல் சஸ்திர வைத்தியரை நாடுவாராக.