ஆணை இருக்கட்டும், மாத்திரை எங்கே?



கடல் கடந்த நாடுகள் சிலவற்றில் ஒரு சட்டம் உண்டு. கடுமையான மனநோய் கண்டவர், மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய பிறகும் சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகவேண்டும்; தவறினால் மீண்டும் மருத்துவமனைக்கு அழைத்துவரப்படலாம். நியூயார்க்கில் 1999-இல் இதற்கான அதிகாரம் நீதிமன்றத்துக்குத் தரப்பட்டது. இங்கிலாந்தில் 2008 முதல் மருத்துவரே ஆணையிடுகிறார். நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அத்தகைய ஆணைக்கு இடமில்லை. இங்கும் அது வேண்டாமா என்று கேட்போர் உண்டு.

வேண்டுமா, வேண்டாமா? விளைவைக் கண்டு விடை சொல்வதுதான் பகுத்தறிவு.

ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 333 நோயாளிகளை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு அந்த ஆணை. மறு கூறுக்கு இல்லை. ஓராண்டுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் எத்தனை பேர்? ஆணைக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 36. ஆணைக்கு உட்படாதோரிலும் நூற்றுக்கு 36! 2013-இல் வெளிவந்த முடிவு இது. நியூயார்க்கில் மருத்துவமனைவாசம் குறைந்தது என்கின்றன அறிக்கைகள். ஆனால் அங்கே வெறும் தாள் மட்டும் போகவில்லை. கூடவே இருந்து கவனிக்கும் ஆளும் போனார். பலன் தந்தது தாளா, ஆளா? அறிஞர்களின் வாதம் இன்னும் ஓயவில்லை.

நம் நாட்டிலோ, கட்டாயம் தாளில் இல்லை, இரும்பில் இருந்தது! 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ஓடக் கால் இருந்தது. காலில் விலங்கும் இருந்தது! உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எவ்வகையிலும் சங்கிலி கூடாது என்று தடுத்தது.

அத்தகைய இடங்களில் கொண்டுபோய் விடுபவர் யார்? கொடியவரா? இல்லை, பெற்ற தாய், உடன்பிறந்த அண்ணன். பேய் என்றது மூடநம்பிக்கை. மருத்துவமனை வெகுதூரம் என்றது வறுமை. இரண்டும் சேர்ந்து போட்ட பூட்டு அது!

நம் ஆரணியைப் பாருங்கள். தறியில் உட்கார்ந்தால்தான் கூலி. உட்காராத நாளில் அடுப்பு எரியாது. நெசவாளியின் மகனுக்கு மனநோய். மருந்து உள்ளூரில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? தந்தை அவனை அழைத்துக்கொண்டு வேலூருக்கோ, கீழ்ப்பாக்கத்துக்கோ பேருந்து ஏறவேண்டும். தறி நிற்கும், கூலி நிற்கும். முதல் மாதம் போவார். இரண்டாம் மாதமும் போவார். மூன்றாம் மாதம் மாத்திரை நிற்கும். பிறகு நோய் திரும்பும். அந்தக் குடும்பத்திடம், "மருந்தை நிறுத்தாதே" என்று ஆணையிடுவது எப்படி இருக்கிறது? பாவு ஏற்றாத தறியின் முன் உட்காரவைத்து, "நெய்யடா!" என்று அதட்டுவதுபோல் அன்றோ!

மருந்து கையில் இருந்தும் மறுப்போர் இல்லையா? உண்டு. தமக்கு நோயே இல்லை என்று நம்பவைப்பது அந்நோயின் இயல்பு. மாத்திரையால் வரும் நடுக்கமும் தூக்கமும் வேறு. அவர்களிடம் வேண்டியது அதட்டல் அல்ல. மருந்தை மாற்றிப் பார்க்கும் மருத்துவர், அருகிருந்து பேசும் உறவு. ஆபத்து முற்றினால், இருவர் தனித்தனியே பரிசோதித்து 30 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்க நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, இன்றியமையாத மனநோய் மருந்துகளை விலையின்றித் தரவேண்டும் என்கிறது. அது சலுகை அல்ல, உரிமை! 2021 ஆகஸ்ட் 5-இல் கழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தந்தது. மனநோய் மாத்திரையும் அவ்வாறே, மாதம் தவறாமல், ஒவ்வொரு நெசவாளர் தெருவுக்கும் வரவேண்டும். இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் அரசிடம் நாம் கேளாமல் வேறு யார் கேட்பது?

தோழர்களே, உங்கள் தெருவில் அத்தகைய வீடு ஒன்று இருக்கும். கதவு சாத்தியே கிடக்கும். தட்டுங்கள். "பைத்தியம்" என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள். தறியில் இழை அறுந்தால், தறியை வீதியில் எறிகிறோமா? இழையைப் பிணைத்து மேலே நெய்கிறோம். மனிதனுக்கும் அதைச் செய்வோம்!