தொண்டருக்கு நாம் பட்டுள்ள கடன்

ஒவ்வொரு மஹல்லாவிலும் சிலர் இருக்கிறார்கள். நள்ளிரவில் ஒரு வீட்டில் மவுத்து நேர்ந்துவிட்டால் முதலில் அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள்தாம். ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதும், கஃபன் துணியை அளந்து கத்தரிப்பதும், மையவாடியில் குழி தோண்ட ஆள் தேடுவதும் அவர்கள் பொறுப்பு. ரமலானில் நோன்புக் கஞ்சி அண்டாவின் அருகே வியர்வை வழிய நிற்பவர்களும், வெள்ளம் சூழ்ந்த நாட்களில் சாதி சமயம் பாராமல் உணவுப் பொட்டலம் கட்டியவர்களும், முகமறியா நோயாளிக்காகப் பத்து இளைஞர்களைத் திரட்டிச் சென்று இரத்தம் கொடுக்கச் செய்பவர்களும் அவர்களே. பணி முடிந்ததும் ஓசையின்றி வீடு திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம் என்று, வாசகர்களே, என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

இக்கேள்விக்கு நம்மவர்கள் வழக்கமாகக் கூறும் விடை ஒன்று உண்டு. “அவர் அல்லாஹ்வுக்காகச் செய்கிறார், கூலியை அவனே கொடுப்பான். நாம் புகழப்போய் அவருடைய இக்லாஸ் கெட்டுவிடக் கூடாது” என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிக்கும் நல்லடியார்கள், அவர்களிடமிருந்து கைம்மாறோ நன்றியோ நாடுவதில்லை எனத் திருமறையின் 76ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் அறம் மறுமையில் பயன் தராது என்பதும் நாம் அறிந்ததே.

ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நன்றியை எதிர்பாராதிருப்பது கொடுப்பவரின் கடமை. நன்றி செலுத்துவது பெறுபவரின் கடமை. முன்னவருக்குரிய கடமையைக் காட்டிப் பின்னவர் தம் கடமையிலிருந்து நழுவுவது நேர்மையாகுமா? மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகார் என்று போதித்தவர்களும் நம் பெருமானார் (ஸல்) அவர்களே அன்றோ!

மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்களை அன்சாரிகள் எவ்வாறு ஏற்றார்கள் என்பது வரலாறு. வீட்டில் பங்கு, விளைச்சலில் பங்கு, உழைப்பு மட்டும் அவர்களுடையது. இவ்வளவையும் கண்ட முஹாஜிர்கள், நன்மை முழுவதையும் அன்சாரிகளே கொண்டுபோய்விடுவார்களோ என்று அஞ்சி நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். அவர்களுக்காக நீங்கள் துஆ செய்து, அவர்களைப் பாராட்டிக்கொண்டிருக்கும் வரை அப்படி ஆகாது என்று அண்ணலார் (ஸல்) ஆறுதல் அளித்தார்கள். திருப்பிக் கொடுக்க ஏதுமற்றவருக்கும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பதே அந்த அறிவுரை.

பாராட்டு என்றால் எப்படிப்பட்ட பாராட்டு? அதையும் நாயகம் (ஸல்) அவர்களே செய்து காட்டியுள்ளார்கள். மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்தார் ஒரு கறுப்பு நிறப் பெண்மணி. குலப் பெருமையோ, செல்வமோ அவருக்கு இல்லை. ஒரு நாள் அவரைக் காணவில்லை. அவர் எங்கே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். அதைச் சிறிய செய்தியாக எண்ணி அவர்கள் தெரிவிக்காமல் விட்டிருந்தார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட பெருமானார் (ஸல்), அவருடைய கபரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

இதில் பொன்னாடை இல்லை, மேடை இல்லை. ஆயினும் இதனினும் உயர்ந்த கண்ணியத்தை எவரால் அளிக்க முடியும்? ஒருவர் செய்யும் வேலையை நாள்தோறும் கண்ணில் கொண்டிருந்தால்தான் அவர் இல்லாத நாளை உணர முடியும். தொண்டரைப் போற்றுவதன் முதற்படி, அவர் வராத அன்று “எங்கே அவர்?” என்று கேட்பதுதான்.

நம் விழாக்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போமாக. மீலாது மேடையில் பொன்னாடை பெறுபவர் யார்? பெரும்பாலும் நன்கொடை தந்தவரும், பதவியில் உள்ளவரும், வெளியூரிலிருந்து வந்த பிரமுகருமே. விழாவுக்காக நாற்காலி சுமந்தவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பார். நன்கொடையாளரைப் போற்ற வேண்டாம் என்று நாம் கூறவில்லை. காசு கொடுத்தவரின் பெயர் பளிங்குக் கல்லில் பொறிக்கப்படும் ஊரில், காலத்தையும் உடலையும் கொடுத்தவரின் பெயர் ஜமாஅத்தின் ஏட்டிலாவது இருக்க வேண்டாமா?

விருது கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்பதும் பிழை. உத்தரப் பிரதேசத்து அயோத்தியில் வாழ்ந்த சைக்கிள் பழுதுபார்ப்பவர் முஹம்மது ஷரீஃப் அவர்களின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1992இல் அவருடைய மகன் சுல்தான்பூரில் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்துக்குப் பிறகு, உரிமை கோர ஆளில்லாத எந்த உடலும் தம் ஊரில் நாதியற்றுக் கிடக்கலாகாது என உறுதி பூண்டார் அத்தந்தை. ஆயிரக்கணக்கான உடல்களுக்கு, முஸ்லிமாயின் நல்லடக்கமும், இந்துவாயின் அவர்கள் முறைப்படித் தகனமும் செய்வித்தார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது நாடே மகிழ்ந்தது. கொரோனாவினால் விழா தள்ளிப்போயிற்று. 2021இன் தொடக்கத்தில் அம்முதியவர் நோயுற்றுப் படுத்திருந்தார். மருத்துவச் செலவுக்கே குடும்பம் தவிப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாண்டு நவம்பரில்தான் விருது அவர் கைக்கு வந்தது. நாடறிந்த தொண்டரின் நிலையே இதுவென்றால், தெருவறியாத தொண்டரின் நிலை என்ன?

அதே கொரோனாக் காலத்தில் தமிழகத்தில் நடந்ததை மறந்துவிட முடியாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில், உறவினரே அருகில் வர அஞ்சிய உடல்களை நம் சமுதாய அமைப்புகளின் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து சுமந்தனர். இறந்தவர் எச்சமயத்தவர் என்று பாராமல், அவரவர் முறைப்படி இறுதிக் கடன் முடித்தனர். அன்று அவர்களை வாழ்த்தாத வாயில்லை. அந்த இளைஞர்களில் நம் ஊரைச் சேர்ந்தவர் யார், யார்? இன்று அவர்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது? விசாரித்தவர் எத்தனை பேர்?

ஆகவே நம் ஜமாஅத்துகளின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். தொண்டாற்றுவோரின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கட்டும். அவர்கள் தம் கையிலிருந்து செலவிடும் ஆட்டோக் கூலியும் எரிபொருள் செலவும் கேட்காமலே திருப்பித் தரப்படட்டும். ஜனாஸா குளிப்பாட்டுவோருக்குக் கையுறையும் உரிய பாதுகாப்புப் பொருள்களும் எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும். அவர்கள் வீட்டில் நோயோ திருமணமோ வந்தால் முதலில் சென்று நிற்பது நிர்வாகிகளின் கடமையாகட்டும். பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டும் மூதாட்டிகளை இந்தப் பட்டியலில் மறந்துவிடாதீர்கள். அவர்கள் பணி திரைக்குப் பின்னால் நடப்பதால் அவர்கள் உழைப்பும் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலான மரியாதை ஒன்று உண்டு. அது சுமையில் தோள் கொடுப்பது. இருபது ஆண்டுகளாக ஒருவரே முன்னின்று செய்கிறார் என்றால், அது அவருக்குப் புகழ், ஊருக்கு இழுக்கு. அவர் அருகில் நின்று கற்றுக்கொள்ள உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனை அனுப்புங்கள். அந்த வேலை தமக்குப் பின்னும் நடக்கும் என்ற நிம்மதியைவிட இனிய பரிசு ஒரு தொண்டருக்கு வேறில்லை.

தொண்டாற்றும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். பாராட்டு தேடி வந்தால் கூச வேண்டாம். ஒருவர் நாடாமலே மக்கள் அவரைப் புகழ்வது, இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என நபிமொழி உண்டு. பாராட்டு வராத நாளிலும் கை தளர வேண்டாம். உங்கள் ஏடு எழுதப்படும் இடம் வேறு.

ஐக்கிய நாடுகள் சபை டிசம்பர் 5ஆம் நாளைத் தொண்டர்களுக்குரிய பன்னாட்டு நாளாக 1985இல் அறிவித்தது. நல்லதே. நமக்கோ வாரந்தோறும் ஒரு நாள் வாய்த்திருக்கிறது. இன்று ஜும்ஆ தொழுது வெளியே வரும்போது, காலணிகளை ஒழுங்குபடுத்தி நிற்பவரையும், ஹவுளைக் கழுவி வைத்தவரையும் ஒரு கணம் நின்று பாருங்கள். பெயர் கேளுங்கள்; ஸலாம் கூறுங்கள்; “ஜஸாகல்லாஹு கைரன்” என்று மனமாரச் சொல்லுங்கள்.

கைம்மாறு கருதாது உழைப்போரின் நற்செயல்களை வல்ல அல்லாஹ் ஏற்றருள்வானாக! அவர்களை அறிந்து மதிக்கும் கண்களை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.