ஃபேட்டி லிவருக்கு மருந்து வந்தாச்சு... அப்போ சோற்றைக் குறைக்க வேண்டாமா?

கள்ளக்குறிச்சியில் 'லிவர் பிரச்னை' என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி, 'குடிப்பாரா?' என்பதுதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த ஊர் இது. (அங்கே கொன்றது மெத்தனால், அது வேறு கதை.) ஆனால் ஒரு சொட்டுகூட குடிக்காதவர்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் 'ஃபேட்டி லிவர்' என்று வருகிறது. சர்க்கரை நோய், தொப்பை, ரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் நோய் இது. கேட்கிற கேள்விக்குப் பயந்தே பலர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள்.

மருந்து இருக்கா?

இருக்கு. இந்தியாவில் 2020-ல் சரோகிளிட்டசார் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் மாத்திரை, 2025 ஆகஸ்டில் செமாகுளூடைடு ஊசி. ஆனால் அந்த இரண்டு அமெரிக்க அனுமதிகளிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அதுவும் கல்லீரலில் தழும்பு ஓரளவு கூடிப்போய், சிரோசிஸ் நிலையை எட்டாதவர்களுக்கு மட்டும். ஸ்கேனில் 'கிரேடு 1' பார்த்ததும் மெடிக்கலுக்கு ஓடுவதற்கு அல்ல.

காரணம் எளிது. தேவைக்கு மேல் சாப்பிடும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேர்க்கிறது. சோற்றைக் குறைக்காமல் மாத்திரை மட்டும் போடுவது, மடையைத் திறந்துவிட்டு தண்ணீர் இறைப்பது மாதிரி. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 8 கிலோ குறைத்தால் தழும்புகூட ஆற வாய்ப்புண்டு.

தட்டில் என்ன மாறணும்?

'டயட் மாத்துங்க' என்று சொல்வது சுலபம். ரேஷனில் இலவசமாகக் கிடைப்பது அரிசி. கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. கூடவே மரவள்ளியும் விளைந்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில்தான் தொடங்கியது. சாமை விளையும் மலை உள்ள மாவட்டம் அந்த முதல் பட்டியலில் இல்லை. சாமைச் சோறும் அளவு மீறினால் மாவுச்சத்துதான் என்பது தனி விஷயம். தட்டில் சோறு பாதியாகி, காயும் பயறும் கூட வேண்டும். டீயில் சர்க்கரை குறைய வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென சோற்றைப் பாதியாக்கினால் 'லோ சுகர்' வந்து மயங்கி விழலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், சாப்பாட்டை மாற்றும் முன்பே செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லி டோஸைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தழும்பு இருக்கிறதா என்று தெரிய, முதலில் விலை உயர்ந்த டெஸ்ட் வேண்டியதில்லை. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்ற மதிப்பெண் போடலாம். 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. அதற்கு மேலே போனால், ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்க வேண்டும்.