கூடைக்கு முன்னால் ஒரு கதவு

டிஸ்க் கோல்ஃப் வளர்ந்துவிட்டது என்று குதூகலிக்கும் எழுத்துகளைக் காணும்போதெல்லாம் நமக்குள் ஓர் ஐயம் எழுகிறது. வளர்ந்தது ஆட்டமா, ஆட்டத்தைச் சூழ்ந்த சந்தையா?

பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் கூடை, ஆட்டம் அவ்வளவே. ஃப்ரிஸ்பீத் தட்டைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக், 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென முதல் நிலையான களத்தை அமைத்தார். பூங்கா என்பதே இங்கு முக்கியம். உறுப்பினர் சந்தாவும் உடைக் கட்டுப்பாடும் வேலியிட்டுக் காத்த கோல்ஃபை, ஒற்றைத் தட்டுடன் வரும் சிறுவனுக்கும் உரியதாக்கியது அந்தப் பொதுநிலமே. (2002இல் மறைந்த ஹெட்ரிக்கின் அஸ்தியை, அவர் விருப்பப்படியே தட்டுகளில் கலந்து வார்த்தார்கள். இப்படியும் ஒரு பித்து!)

2020இன் பெருந்தொற்றுக் காலத்தில், மூடிய அரங்குகளை விட்டு மக்கள் பூங்காக்களுக்குத் திரண்டனர். மறு ஆண்டே பால் மெக்பெத் என்னும் வீரர், தட்டு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுடன் பத்தாண்டுகளுக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆட்டக்களங்களில் வரிசை நீண்டது. உடனே ஒரு மருந்து பரிந்துரைக்கப்பட்டது: கட்டணக் களம்.

மாசசூசெட்ஸின் லெஸ்டரில், கிறிஸ்துமஸ் மரப்பண்ணை ஒன்றில் அமைந்த மேப்பிள் ஹில் அத்தகையது. அழகிய களம்தான். தம் நிலத்தைப் பராமரிப்பவர் காசு கேட்பதில் நமக்கு வழக்கில்லை. 'காசு இருந்தால்தான் தரம்' என்று அதையே பொதுவிதியாக்குவோரிடம்தான் வழக்கு. நெரிசலைக் குறைப்பது என்று அவர்கள் சொல்வது, யாரைக் குறைப்பது என்பதைச் சொல்லாமல் சொல்வதாகும்.

பொதுநிலமும் அட்சய பாத்திரமன்று என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறோம். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினின் பீஸ் பூங்காவில், ஆடுவோரின் கால்பட்டு மண் இறுகியது, அரித்தது, மரங்கள் நலிந்தன. 2011இல் அந்தக் களம் மூடப்பட்டது. அங்கே நிழலில் உலவ வருபவருக்கும் உரிமை உண்டல்லவா? ஆனால் நகரம் அதற்கு ஈடாகக் கண்ட இடமும் ராய் கெரேரோ என்னும் மற்றொரு பொதுப்பூங்காவே. எவருடைய வேலிக்குள்ளும் ஆட்டக்காரர்களை அது தள்ளிவிடவில்லை.

ஃபின்லாந்தைப் பாருங்கள். சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் நூற்றுக்கணக்கான களங்கள். பெரும்பாலானவை இலவசம், பல உள்ளாட்சிகள் அமைத்தவை. 2025இல் உலக வாகையர் போட்டியும் அங்கேதான் நடந்தது. கட்டணமின்றித் தரமில்லை என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

புல்வெளியைச் சீராட்டும் செலவு கோல்ஃபுக்கு உண்டு, இதற்கு இல்லை. இருக்கும் மரங்களுக்கிடையே பதினெட்டுக் கூடைகள் நட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அந்தச் சிறுதொகையை நகர்மன்றங்களில் வாதாடிப் பெறவேண்டிய மூத்த ஆட்டக்காரர்களோ, முன்பதிவு நேரத்துக்கும் வாயிற்கட்டணத்துக்கும் நியாயம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிற் பலர் ஆடக் கற்றதே இலவசப் பூங்காக்களில்தான்.