நாலாவது ஆளும் நாற்பது வருஷப் பழைய சரக்கும்

மெம்ரிஸ்டர் பற்றி நம்மாட்கள் யார் எழுதினாலும் கதை ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், இண்டக்டர்னு மூணு பேர் இருந்தார்களாம். நாலாவதா ஒருத்தன் இருந்தே ஆகணும்னு லியோன் சுவா 1971-ல் கணக்குப் போட்டுச் சொன்னாராம். 2008-ல் ஹெச்பி ஆய்வகம் அவனைக் கண்டுபிடித்துவிட்டதாம். சுபம்!

மக்களே, இந்த ஜல்லியை இன்னும் எத்தனை வருஷம் அடிக்கப் போகிறோம்?

ஹெச்பிகாரர்கள் செய்தது என்ன? ரெண்டு பிளாட்டினம் மின்முனைகள், நடுவே சில நானோமீட்டர் தடிமனில் டைட்டானியம் ஆக்சைடு படலம். வோல்டேஜ் கொடுத்தால் ஆக்சைடுக்குள் ஆக்சிஜன் அணு இல்லாத காலி இடங்கள் நகர்ந்து மின்தடை குறையும். திருப்பிக் கொடுத்தால் ஏறும். கரண்ட் போனாலும் கடைசியாக இருந்த நிலை அப்படியே நிற்கும். நினைவகத்துக்கு அருமையான சமாச்சாரம், மறுக்கவில்லை.

ஆனால் புதுசா? ஆக்சைடு படலங்கள் இப்படி விசித்திரமாக நடந்துகொள்வதை ஹிக்மாட் 1962-லேயே எழுதிவிட்டார். 1968-ல் ஆர்கால் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டைட்டானியம் ஆக்சைடு இருக்கிறது. அதே சரக்கு, நாற்பது வருஷம் முன்னாடி! சுவாவின் கணக்குக்கே மூணு வருஷம் மூத்தது.

"சரிப்பா, பழைய சரக்குக்கு தியரி கொடுத்தாங்கல்ல?" என்பீர்கள். சுவாவின் கணக்கு மின்னூட்டத்தையும் காந்தப் பாயத்தையும் இணைப்பது. ஹெச்பி செல்லில் காந்தத்துக்கு வேலையே இல்லை. அங்கே உழைப்பது அயனிகள், நடப்பது வேதியியல். இந்த மாதிரி செல்கள் குட்டி பேட்டரி போல தாமே வோல்டேஜ் தருகின்றன, பழைய மெம்ரிஸ்டர் தியரிக்குள் இது அடங்காது என்று வலோவ் குழு 2013-ல் காட்டியது. சுவாவோ 2011-லேயே, மின்தடை மாறும் நினைவகம் எல்லாமே மெம்ரிஸ்டர்தான் என்று எழுதிவிட்டார். எல்லாமே அதுதான் என்றால், 1962-ல் ஹிக்மாட் கையில் இருந்ததும் அதுதானே? அப்புறம் 2008-ல் புதுசா கண்டுபிடிச்சது எதை?

பேரில் என்ன இருக்கு, விடுங்க பாஸ் என்று சொல்பவர்களுக்கு: நிறைய இருக்கு. நாலாவது ஆள் என்ற பில்டப்பில் நிஜமான தலைவலி மறைந்துபோகிறது. பெரும்பாலான ஆக்சைடு செல்களில் நூல் மாதிரி ஒரு மின்பாதை உருவாகும், அறுபடும், மறுபடி உருவாகும். ஒவ்வொரு தடவையும் அது ஒரே மாதிரி அமையாது. பக்கத்துப் பக்கத்து செல்லுக்கே மின்தடை வேறுபடும். சிப்பைக் கடைக்குக் கொண்டுவர இதைத்தான் அடக்கியாக வேண்டும். சமன்பாட்டுக்குப் பேர் வைத்தால் அடங்காது.

2013-ல் வந்துவிடும் என்று 2011-ல் ஹெச்பி தரப்பு சொன்னது. வரவில்லை. 2014-ல் 'தி மெஷின்' என்று மெம்ரிஸ்டர் கனவோடு மேடையேறினார்கள். 2015-ல் வழக்கமான டிராம் நினைவகத்துக்கு இறங்கி வந்தார்கள். நாலாவது ஆள் என்று தம்பட்டம் அடிக்காத பானாசோனிக், அதே 2013-ல் இந்த வகை நினைவகம் வைத்த மைக்ரோகன்ட்ரோலரை உற்பத்திக்கே கொண்டுவந்துவிட்டது. அவர்கள் சரக்கு டாண்டலம் ஆக்சைடு.

எழுதுங்க மக்கா, வேண்டாம்னு சொல்லலை. நாம் எழுதுவதைப் படித்துவிட்டு ஏதோ ஒரு காலேஜ் பையன் செமினார் எடுப்பான். அவனுக்காகவாவது ஹிக்மாட்டுக்கும் ஆர்காலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க.