எத்தனை தடவை போகும்?

ஆறடிக்கு ஆறடி இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு எத்தனை வாழைக்கன்று பிடிக்கும்? தொட்டியத்தில் தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டால், வரப்பு, வாய்க்கால் போக “ஆயிரத்துச் சொச்சம்” என்பார். காவிரியின் வடகரையில் பூவனும் ரஸ்தாளியும் ஏலரிசியும் போட்டுப் பழகிய மண். இதற்கெல்லாம் அங்கே காகிதம் எடுக்க மாட்டார்கள். அதே கேள்வியை அவர் வீட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கணக்காகக் கொடுத்தால் ஏக்கருக்கு 43,560 சதுர அடி, கன்றுக்கு 36 சதுர அடி, வகுக்க வேண்டும். சரியான விடை 1,210. கணக்குச் சொல்லித் தருபவர்கள் பார்த்துச் சலித்த விடையோ 121.

அது எப்படி வருகிறது என்பதும் தெரிந்ததுதான். 43-இல் 36 ஒரு தடவை, மீதி 7. ஐந்தை இறக்கினால் 75. இரண்டு தடவை, மீதி 3. ஆறை இறக்கினால் 36. ஒரு தடவை, மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்ததும் கணக்கு முடிந்தது என்று பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. இறக்கப்படாத ஒரு 0 மேலே நின்றுகொண்டிருப்பது அதன் கண்ணில் படவில்லை. ஏக்கருக்கு 121 கன்று என்றால் ஒவ்வொரு வாழைக்கும் 360 சதுர அடி ஆகிறது. ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கட்டித் தரப்படும் வீட்டின் பரப்பே 360 சதுர அடிதான்!

இதைக் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். கவனம் குறைந்ததல்ல காரணம். வகுக்கத் தொடங்கும் முன் ‘விடை எவ்வளவு பெரிதாக இருக்கும்?’ என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டதில்லை. ஆயிரம் தடவை 36 என்றால் 36,000. இரண்டாயிரம் தடவை என்றால் 72,000. நம்மிடம் இருப்பது 43,560. ஆக ஈவு ஆயிரத்துக்கு மேல், இரண்டாயிரத்துக்குக் கீழ், நான்கு இலக்கம். இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். சொல்லிவிட்டு வகுக்கும் பிள்ளை 121 என்று எழுதினால், எங்கோ ஓர் இலக்கம் விட்டுப்போனது அதற்கே தெரிந்துவிடும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். விதி தெரிந்தால் போதும், ஊகத்துக்கு அங்கே வேலையே இல்லை. நீள் வகுத்தல் மட்டும் இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. படிக்குப் படி ஊகம் கேட்கிறது. ஊகித்ததைப் பெருக்க வேண்டும், பெருக்கியதைக் கழிக்க வேண்டும், கழித்ததை வைத்து ஊகம் சரியா என்று பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிக் கணக்கில் பிள்ளை சந்திக்கும் முதல் ‘போட்டுப் பார்’ இதுதான். ஆனால் நாம் கற்றுத்தருவது என்ன? ‘வகு, பெருக்கு, கழி, இறக்கு’ என்ற நான்கு கட்டளைகள். முதல் கட்டளைக்குள் ஒளிந்திருக்கும் ஊகத்தை எப்படிச் செய்வது என்பதற்குப் பாடவேளையில் இடமில்லை.

அதே ஏக்கரில் ஏழடிக்கு ஏழடி நடலாம். இப்போது வகுக்க வேண்டியது 49-ஆல். ஓரிலக்க எண்ணுக்கு வாய்ப்பாடு கைகொடுக்கும். 49-ஆம் வாய்ப்பாடு யாருக்கும் மனப்பாடம் இல்லை. எனவே முதல் இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம்.

“435-ல 49 எத்தனை தடவை போகும்? 43-ல 4 எத்தனை தடவைன்னு பாரு.”

“பத்து தடவை டீச்சர்.”

“பத்து போடக் கூடாதுடா கண்ணு, ஒன்பது போடு.”

ஒன்பது தடவை 49 என்றால் 441. போகாது. ரப்பர் வெளியே வருகிறது. எட்டு போட்டால் 392, மீதி 43. ஆறை இறக்கினால் 436. மறுபடி 43-இல் 4, மறுபடி ஒன்பது, மறுபடி 441, மறுபடி ரப்பர். கடைசியில் 440. இங்கே ஒன்பது போட்டால் ஒன்றே ஒன்று கூடுகிறது! மூன்றாவது முறை அழிக்கும்போது தாள் கிழிந்திருக்கும். ஈவு 888, மீதி 48. இன்னும் ஒரு சதுர அடி இருந்திருந்தால் 889-ஆவது கன்றுக்கும் இடம் கிடைத்திருக்கும்.

49-ஐ ஐம்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்லியிருந்தால்? 435-இல் ஐம்பது எட்டு தடவை. 436-இலும் எட்டு. 440-இலும் எட்டு. ஓரிடத்திலும் அழிக்க வேண்டியதில்லை.

19 இன்னும் பொல்லாதது. 100-ஐ 19-ஆல் வகுக்கும் பிள்ளை, முதல் இலக்கமான ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒன்பதில் தொடங்கும். ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு எல்லாம் தோற்று ஐந்தில் வந்து நிற்கும். நான்கு முறை தோற்ற பிள்ளை ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற முடிவுக்கு வந்தால் அதன் மேல் குற்றமில்லை. 19-ஐ இருபது என்று எடுத்தால் முதல் முயற்சியிலேயே ஐந்து.

இருபது என்று எடுப்பதிலும் சறுக்கல் உண்டு. 133-ஐ 19-ஆல் வகுத்துப் பாருங்கள். இருபது ஆறு தடவை போகும், ஆறு தடவை 19 என்றால் 114, மீதி 19. மீதி வகுக்கும் எண் அளவுக்கே இருக்கிறது, இன்னொரு தடவை போகும், ஆக ஏழு. ஊகம் தவறிவிட்டது, ஆனால் கீழ்ப்பக்கமாகத் தவறியது. கூடுதலாக ஊகித்தால் எழுதியதை எல்லாம் அழிக்க வேண்டும். குறைவாக ஊகித்தால் மிச்சத்தில் இன்னும் ஒரு தடவை கழித்து, ஈவில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது. தொடக்கத்தில் பிள்ளைகளைக் குறைவான பக்கம் சாய்ந்து ஊகிக்கப் பழக்குவதே நல்லது. இந்தச் சின்ன உண்மையை ஆசிரியர் பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தால் எத்தனையோ தாள்கள் கிழியாமல் தப்பியிருக்கும்.

ஊகித்துத் திருத்துவது கணக்கு வராதவர்களின் வழி என்று நினைப்பவர்கள், கணினி எப்படி வகுக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டொனால்ட் நூத் எழுதி 1969-இல் வெளிவந்த புகழ்பெற்ற கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதியில் பெரிய எண்களை வகுக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. முதல் சில இலக்கங்களை வைத்து ஈவை ஊகி, பெருக்கிப் பார், கூடினால் குறை என்பதுதான் அங்கும் வழி. நம் பத்தடிமான எண்களில் சொன்னால், வகுக்கும் எண்ணின் முதல் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், முதல் இலக்கத்தை வைத்துச் செய்யும் ஊகம் ஒருபோதும் குறையாது. கூடினாலும் இரண்டுக்கு மேல் கூடாது. 19 ஏன் படுத்துகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. 133-ஐ 19-ஆல் வகுக்கச் சொன்னால், கணினி இரண்டு எண்களையும் ஐந்தால் பெருக்கி 665-ஐ 95-ஆல் வகுக்கும் கணக்காக மாற்றிக்கொள்ளும். 66-இல் ஒன்பது ஏழு தடவை. முதல் ஊகமே சரி.

1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லு சில வகுத்தல்களைத் தவறாகச் செய்வதை அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். ஈவின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஊகிக்க அந்தச் சில்லுக்குள் ஓர் அட்டவணை பதிக்கப்பட்டிருந்தது. அதில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. இன்டெல்லுக்கு ஆன செலவு 47.5 கோடி டாலர். ஊகத்தில் சிறிது கூடினாலும் அடுத்த படியில் சரிசெய்துகொள்ளும் வசதி அந்த முறையில் உண்டு. ஊகிக்க ஆதாரமான அட்டவணையே பொத்தலாக இருந்ததுதான் கெடுத்தது.

பிள்ளைகளுக்கு அந்த அட்டவணை, வாய்ப்பாடு. செயல்வழிக் கற்றல் வந்த காலத்திலிருந்தே வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வரிசையாக மனனம் செய்யவைத்தார்கள். முந்திரி, காணி, மா என்ற கீழ்வாய் எண்கள் உட்பட. அந்தப் பிள்ளைகள் உருப்போட்டதோடு நிற்கவில்லை, ஊரின் அளவைகளோடும் கணக்குகளோடும் சேர்த்துத்தான் எண்களைப் பழகினார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் செந்தில் பாபுவின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய் தானாகச் சொல்லாத பிள்ளைக்கு ஊகம் என்பது குருட்டாம்போக்குதான். 19-ஆம் வாய்ப்பாடு வரை உருப்போடத் தேவையில்லை. ஒன்பது வரை பழுதில்லாமல் தெரிந்தால் போதும். மேலே போக இரட்டித்தல் இருக்கிறது. 49-ஐ இரட்டித்தால் 98. அதை இரட்டித்தால் 196. இன்னொரு முறை இரட்டித்தால் 392. எட்டு தடவை கையில் வந்துவிட்டது.

கழித்தலில் இருக்கும் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ‘அசர்’ ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் கழித்தல் தெரிந்தவர்கள் 2018-இல் 25.9 விழுக்காடு, கொரோனாவுக்குப் பின் 2022-இல் 11.2 விழுக்காடு. அதே ஆய்வில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், இந்திய அளவில் 2022-இல் 25.6 விழுக்காடு, 2024-இல் 30.7 விழுக்காடு. பத்தில் ஏழு பேருக்கு ஓரிலக்க வகுத்தலே வரவில்லை என்று பொருள். 2022-இல் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டித்தது சரியான முடிவு. ஆனால் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளியில், மலர் நிலைப் பிள்ளை 49-ஓடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. அந்த இடத்தில் பயிற்சிநூல்தான் ஆசிரியராக இருந்தாக வேண்டும்.

அப்படியானால் நீள் வகுத்தலையே தூக்கிவிட்டு, துண்டு துண்டாகக் கழிக்கும் எளிய முறைக்கு மாறிவிடலாமா? நெதர்லாந்து கிட்டத்தட்ட அதைச் செய்து பார்த்தது. 1997-க்கும் 2004-க்கும் இடையில் அங்கே தொடக்கப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் வகுத்தல் திறன் தேசிய மதிப்பீட்டில் சரிந்தது. லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடைத்தாள்களைப் புரட்டியபோது, பழைய முறையை விட்ட பிள்ளைகளில் பலர் புதிய முறைக்குப் போகாமல், எதையும் எழுதாமலே மனத்துக்குள் போட்டு விடையைக் குறித்திருந்தது தெரிந்தது. எழுதிச் செய்தவர்கள், எந்த முறையானாலும், குறைவாகவே தவறினார்கள். ஆக துண்டு முறை ஏறுவதற்கான படி. அதிலேயே குடியிருக்கக் கூடாது. முதலில் பிள்ளை 43,560-இலிருந்து 49-இன் ஐந்நூறு தடவை (24,500), முந்நூறு தடவை (14,700) என்று பெரிய துண்டுகளாகக் கழிக்கட்டும். பிறகு நீள் வகுத்தலுக்கு வரும்போது, ஈவில் எழுதும் முதல் 8 உண்மையில் எண்ணூறு என்பது அதற்குப் புரிந்திருக்கும்.

செல்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தைக் காண நீள் வகுத்தல் மறுபடி வந்து நிற்கிறது. ஐந்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிய பிள்ளை அங்கே விழுகிறது. அதைவிட, செல்பேசியில் விரல் தவறி ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் அதுவும் கூசாமல் 121 என்றுதான் காட்டும். இது பொய் என்று சொல்ல மனத்துக்குள் ஓர் ‘ஆயிரத்துச் சொச்சம்’ இருந்தாக வேண்டும்.

இதற்குக் குறுக்கே நிற்பது நம் வகுப்பறையின் ஒரு பழைய வழக்கம்: ‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது.’ கையெழுத்துக்கு அது பொருந்தும், ஊகத்துக்குப் பொருந்தாது. போட்டுப் பார்த்த ஒன்பதை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து விட்டால், பிள்ளை எங்கே தவறியது, எப்படித் திருத்திக்கொண்டது என்று ஆசிரியருக்குத் தெரியும். அழித்துவிட்டால் கிழிந்த தாள்தான் மிஞ்சும்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு வைக்கும் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதல்ல. அடுத்து அச்சாகும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பயிற்சிநூல்களில் ஒவ்வொரு வகுத்தல் கணக்குக்கும் மேலே ‘ஈவில் எத்தனை இலக்கம் வரும்?’ என்று ஒரு கட்டமும், வலப்பக்கத்தில் போட்டுப் பார்க்க இரண்டு விரற்கடை வெற்றிடமும் விடுங்கள். அந்த வெற்றிடத்தில் உள்ள அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று ஆசிரியர் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.