கடன் வாங்கிய ஓசை



டாலிகஞ்சில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறிய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் மாலையில் பாடற்குழுவின் பயிற்சி நடைபெறும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், எங்கள் சபையில் கிட்டார் வாசிக்கும் வாலிபன் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, மிக்ஸரில் இணைத்து, ஒரு சுரத்தை மீட்டினான். நான் திகைத்துப்போனேன். ஆளுயர ஒலிபெருக்கிகளிலிருந்து மட்டுமே பிறக்கும் என்று நான் எண்ணியிருந்த அந்தக் கனத்த, சற்றே கரகரத்த நாதம் அச்சிறு பெட்டியிலிருந்து எழும்பிற்று.

அவனோ திருப்தியடையவில்லை. "பாஸ்டர், 1966-ல் எரிக் கிளாப்டன் வாசித்த ஓசை இன்னும் சரியாக வரவில்லை. பெரிய கருவி வாங்கினால் வந்துவிடும்; தவணை முறையில் தருகிறார்கள்" என்றான். அவனுடைய தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது என்பதை நான் அறிவேன்.

ஆகவே இம்மாதம் இதைக்குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். கருவியைப் பழிப்பது என் நோக்கமல்ல. அது செய்வது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

பழைய ஆம்ப்ளிபயர்களில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை அவை பெருக்கித் தரும். தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கும்போது அலையின் முகடுகள் நசுங்கிவிடுகின்றன. மூலச்சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. அதையே நம் காது இனிய கரகரப்பாக உணர்கிறது. ஆனால் அந்த நிலையை எட்ட ஆம்ப்ளிபயரை மிகவும் உரக்க வைக்கவேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீடுகளில் அது நடவாத காரியம்.

மாடலிங் கருவி, வால்வும் ஒலிபெருக்கியும் செய்யும் வேலையைக் கணக்காக மாற்றிச் செய்கிறது. 1998-ல் அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட 'பாட்' என்னும் சிவப்புப் பெட்டி இதனைப் பரவலாக்கிற்று. இன்றோ, ஓர் ஆம்ப்ளிபயருக்குள் சோதனை ஒலியைச் செலுத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டு, கணினியே அதன் குணத்தைக் கற்றுக்கொள்கிறது. 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்னும் மென்பொருள் இதை விலையின்றியே செய்கிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் நள்ளிரவிலும் அண்டை வீட்டார் உறக்கம் கெடாமல் பயிலலாம். எளியவருக்கு இது பெரும் உதவியே.

ஆயினும், அந்தக் கணினி கற்றுக்கொண்டது எதை? ஒரு குறிப்பிட்ட ஆம்ப்ளிபயர், அதன் திருகுகள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தபோது ஒலித்த விதத்தை. அதை வாசித்தவரின் விரல்கள் அதற்குள் இல்லை.

நம் வாலிபன் தேடிய ஓசை பிறந்த கதையைக் கேளுங்கள். ஜிம் மார்ஷல் என்பவர் மேற்கு லண்டனில் ஹான்வெல் என்னுமிடத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த டிரம்ஸ் கலைஞர். அமெரிக்க ஆம்ப்ளிபயர்கள் அங்கே விலை அதிகம். ஆகவே 1962-ல் அவரும் அவருடைய கடையாட்களும் ஃபெண்டர் பேஸ்மன் என்னும் அமெரிக்கக் கருவியின் சுற்றைப் பார்த்து, தங்கள் நாட்டில் கிடைத்த உதிரிகளால் ஒன்றைச் செய்தார்கள். நகலெடுக்கப் போனார்கள்; உதிரிகள் வேறானதால் ஓசையும் வேறாயிற்று. அந்த வழியில் வந்த மார்ஷல் கருவி ஒன்றைத்தான் 1966-ல் கிளாப்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக உரக்க வைத்து வாசித்தார்.

குயீன் குழுவின் பிரையன் மே 1963-ல் தம் தகப்பனாருடன் சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து, பழைய கணப்படுப்பின் மரம். அதே குழுவின் ஜான் டீக்கன் குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த ஒரு மின்சுற்றைப் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி, பாட்டரியில் இயங்கும் சிற்றாம்ப்ளிபயர் ஆக்கினார். அதில் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் திருகுகூட இல்லை. இன்று பெரும்பணம் செலவிட்டு உலகம் நகலெடுக்க முயலும் ஓசைகள், கையில் இருந்ததைக் கொண்டு பிறந்தவை.

இவ்வளவு தொலைவு போவானேன்? டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் தெற்கே மூன்றாம் நிலையம் நாக்தலா. 1970-களில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் மொஹீனேர் கோராகுலி என்னும் வங்காள இசைக்குழுவை வளர்த்த பகுதி அது. மேலைநாட்டு ராக் இசையை அப்படியே பிரதியெடுக்காமல், தங்கள் மண்ணின் பாவுல் இசையோடு அதைச் சேர்த்தார்கள். ஆகையால்தான் இன்றும் நினைக்கப்படுகிறார்கள்.

இதைச் சொல்லும் எனக்கும் ஒரு கடன் உண்டு. வேதாகமக் கல்லூரி நாட்களில், விடுதிச் சாப்பாட்டுக்கென்று அப்பா அனுப்பிய மணியார்டரில் ஒரு பகுதியை எடுத்து, கிட்டார் பெடல் ஒன்று வாங்கினேன். விடுமுறையில் அப்பா அதைக் கண்டு விலை கேட்டார், சொன்னேன். சற்று நேரம் மௌனமாயிருந்து, "வாசித்துக் காட்டு" என்றார். முழுதாக வாசிக்க எனக்கு ஒரு பாட்டும் தெரியாதிருந்தது. அவர் அதன்பின் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

அந்த வாலிபனிடம் இதைச் சொன்னேன். பிறகு, "தம்பி, நீ ஓசையை எங்கே அமைக்கிறாய்?" என்று கேட்டேன். "இரவில், ஹெட்போனில், மெதுவாக வைத்து" என்றான். காரணம் அங்கேதான் இருந்தது. 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியபடி, சத்தம் குறைவாயிருக்கும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுரங்கள் குறைந்தே கேட்கும். ஆகவே அவற்றைக் கூட்டி வைப்போம். மண்டபத்தில் உரக்க ஒலிக்கும்போது அவை முழங்கி மற்றவற்றை அமுக்கிவிடும். குறை பெட்டியில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, மண்டபத்தில், ஆராதனையின் அளவுக்கே ஓசையை வைத்து, மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கையில் அவன் மறுபடியும் திருகினான். கீழ்ச்சுரத்தைக் குறைத்தான், கரகரப்பைப் பாதியாக்கினான், பழைய தந்திகளை மாற்றினான். பாடுகிறவர்களின் சொற்கள் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டன. தவணைப் பேச்சு அத்துடன் நின்றது. தங்கையின் கட்டணமும் கட்டப்பட்டது.

பிள்ளைகளின் பெற்றோரே, "இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு பணம்?" என்று சினந்து பேசாதிருங்கள். அருகில் அமர்ந்து, "வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். வாலிபரே, உங்களிடம் இருக்கும் பெட்டியில் ஒரே ஓர் ஓசையைத் தெரிந்தெடுத்து, ஒரு மாதம் அதை மாற்றாமல் வாசித்துப் பாருங்கள். பிறருடைய ஓசையைக் கடன் வாங்கலாம், அது பயிற்சி. அதற்காக வீட்டைக் கடனாளியாக்கவேண்டாம்.

எங்கள் வாலிபனின் ஓசை இன்றும் 1966-ஆம் ஆண்டின் ஓசை அல்ல. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், வாசிப்பது அவன்தான் என்று இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிகிறது.